ஸ்கேனுக்குக் கீழே இறங்கும் முன்: நீலகிரிக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் பக்கம் இருப்பவர்கள் எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட், சிடி, எம்ஆர்ஐ பற்றி அடிக்கடி கேட்பவற்றுக்கான பதில்கள் இவை. மலையில் இருப்பவருக்கு ஸ்கேன் செலவு என்பது பில் தொகையோடு முடிவதில்லை. வண்டி வாடகை, கூட வருபவரின் ஒரு நாள் கூலி, மழைக்காலத்தில் மண் சரிந்து ரோடு அடைபட்டால் கீழேயே தங்கும் செலவு எல்லாம் சேரும். ஆகவே ஒவ்வொரு பதிலிலும் ஒரே அளவுகோலைத்தான் பிடித்திருக்கிறோம்: படம் எடுத்தால் வைத்தியம் மாறுமா?

எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட், சிடி, எம்ஆர்ஐ: எது எதற்கு?

எலும்பு முறிவுக்கும் நுரையீரலின் முதல் பார்வைக்கும் எக்ஸ்ரே. கர்ப்பம், பித்தப்பை, கல்லீரல், சிறுநீரகம், ரத்தக்குழாய் ஓட்டம் இவற்றுக்கு அல்ட்ராசவுண்ட். மூளை ரத்தக்கசிவு, விபத்துக் காயம், நுரையீரல், வயிற்று அவசரம் என்றால் சிடி. சில நிமிடங்களில் முடிந்துவிடும் என்பதே அதன் பலம். தண்டுவடம், மூட்டு ஜவ்வு, மூளையின் நுணுக்கம், எலும்பின் உள்மஜ்ஜை ஆகியவற்றுக்கு எம்ஆர்ஐ. அதற்கு 20 முதல் 45 நிமிடம் அசையாமல் படுத்திருக்க வேண்டும்.

விலை கூடிய படம் நல்ல படம் என்பது தவறான எண்ணம். பித்தப்பைக் கல்லைப் பார்க்க அல்ட்ராசவுண்டே சிடியைவிடக் கெட்டி. பல கற்கள் சிடியில் தெரியாமலே போகும்.

டாக்டர் ஸ்கேன் எழுதிவிட்டார். நாங்கள் என்ன கேட்க வேண்டும்?

"இதில் என்ன தெரிந்தால் என்ன செய்வீர்கள், ஒன்றும் தெரியாவிட்டால் என்ன செய்வீர்கள்?" இரண்டுக்கும் ஒரே மாத்திரைதான் பதில் என்றால், இப்போதே எடுக்க வேண்டுமா என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். இன்றே போகவேண்டுமா, ஒரு வாரம் பொறுக்கலாமா என்பதையும் கேளுங்கள். அடுத்து, சீட்டில் "எம்ஆர்ஐ முதுகு" என்று மட்டும் எழுதாமல் எந்தப் பகுதி, என்ன சந்தேகம், எத்தனை நாளாக என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். "வலது காலில் மரப்பு, பாதம் தூக்க முடியவில்லை, இரண்டு வாரமாக" என்று சீட்டில் இருந்தால் படம் பார்ப்பவர் அந்த நரம்பைத் தேடிப் பார்ப்பார்.

அப்பாவுக்குத் திடீரென்று வாய் கோணி, ஒரு கை விழுந்துவிட்டது. நேராகக் கோவைக்கே கொண்டுபோய்விடலாமா?

இந்தப் பக்கத்தில் மிக முக்கியமான பதில் இதுதான், நிதானமாகப் படியுங்கள்.

பக்கவாதம் இரண்டு வகை. பெரும்பாலும் ரத்தக்குழாய் அடைப்பு. சில நேரம் ரத்தக்கசிவு. வெளியிலிருந்து பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. அடைப்புக்கு, உறைந்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி உண்டு. அதைக் கசிவுக்குப் போட்டால் உயிருக்கே ஆபத்து. இரண்டையும் பிரித்துக் காட்டுவது சாதாரண சிடி, படம் தெளிவாகத் தெரிய ஏற்றும் டை ஊசிகூடத் தேவையில்லை. அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் அந்த ஊசி போடப்பட வேண்டும். முன்பு இந்த எல்லை 3 மணி நேரமாக இருந்தது. 2008-ல் வந்த ஐரோப்பிய ஆய்வுக்குப் பிறகுதான் நாலரை ஆனது. எல்லைக்குள்ளும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன்.

ஊட்டியிலிருந்து கோவை சுமார் 85 கிலோமீட்டர், மலைப்பாதையும் மேட்டுப்பாளையம் நெரிசலும் சேர்ந்தால் மூன்று மணி நேரம் சர்வசாதாரணமாகப் போய்விடும். வீட்டில் சுக்குக் கஷாயம் கொடுத்துப் பார்த்த ஒரு மணி நேரத்தையும் கூட்டினால் நாலு; அங்கே இறங்கிப் படம் எடுப்பதற்குள் நாலரை தீர்ந்தது. ஆகவே மேலேயே சிடியும் கரைக்கும் ஊசியும் உள்ள ஆஸ்பத்திரி இருந்தால் முதலில் அங்கேதான் போக வேண்டும். படம் எடுத்து, ஊசி ஏற்றி, பிறகு கீழே அனுப்புவதே சரியான வரிசை. ஊட்டியில் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட 700 படுக்கை கொண்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய இடத்துக்குக்கூட, கிளம்பும்போதே போன் செய்து "சிடி இப்போது ஓடுகிறதா, பக்கவாத ஊசி இருக்கிறதா" என்று கேட்டுவிடுங்கள். 108-ல் வரும் ஊழியர் இதை விசாரித்துச் சொல்வார். சிடி இல்லாத இடத்தில் இறக்கி டிரிப் ஏற்றிக் காத்திருப்பது வீண்.

கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்குக் கணக்கு வேறு. ஊட்டிக்கு ஏறுவதா, கேரளத்தின் சுல்தான் பத்தேரி பக்கம் இறங்குவதா என்பதை அவசரம் வருவதற்கு முன்பே வீட்டில் பேசி முடிவு செய்து வையுங்கள்.

குறித்துக்கொள்ள வேண்டிய நேரம் ஒன்றே: நோயாளி கடைசியாக நன்றாக இருந்ததைப் பார்த்த நேரம். காலை 6 மணிக்கு எழும்போதே கை விழுந்திருந்தால், இரவு 10 மணிக்குப் படுக்கப் போனதுதான் கணக்கு. அப்படிப்பட்டவர்களுக்கும் பெரிய குழாய் அடைபட்டிருந்தால், 24 மணி நேரம் வரைகூட, தேர்ந்தெடுத்த சிலருக்குக் கம்பி வழியாகக் கட்டியை எடுக்கும் சிகிச்சை உண்டு என்று 2018-ல் வெளியான இரண்டு ஆய்வுகள் காட்டின. அதற்கு ரத்தக்குழாயைக் காட்டும் சிடி ஆஞ்சியோ வேண்டும், அதைச் செய்யும் ஊரும் கீழேதான். நேரம் கடந்துவிட்டதென்று வீட்டிலேயே விட்டுவிடாதீர்கள்.

வழியில் ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். கசிவாக இருந்தால் கேடு. முதல் சிடி "நார்மல்" என்று வந்தால் பக்கவாதம் இல்லை என்று நிம்மதியடையவும் வேண்டாம். அடைப்பு முதல் சில மணி நேரத்தில் படத்தில் தெரியாமல் போவது வழக்கம். அந்த நார்மல் சொல்வது கசிவு இல்லை, ஊசி போடலாம் என்பதைத்தான்.

தலையில் அடிபட்டால் எல்லோருக்கும் சிடி வேண்டுமா?

வேண்டாம். கனடாவில் 2001-ல் வகுத்த விதி ஒன்று உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. அடிபட்டு நினைவு தப்பியவர், நடந்தது மறந்தவர், குழம்பிப் பேசியவர் என்ற பெரியவர்களுக்கானது அது. இரண்டு மணி நேரம் கழித்தும் தெளிவு வராமை, இரண்டு முறையோ அதற்கு மேலோ வாந்தி, வயது 65 அல்லது அதற்கு மேல், மண்டையோடு உடைந்த அடையாளம் (காதில் ரத்தமோ நீரோ வடிவது, கண்ணைச் சுற்றி இரண்டு பக்கமும் கன்றிப்போவது) இவற்றில் ஒன்று இருந்தாலும் சிடி வேண்டும். அடிபடுவதற்கு முந்தைய அரைமணி நேரத்துக்கு மேல் மறந்துபோனாலும், வண்டி மோதி விழுந்திருந்தாலும், மூன்றடிக்கு மேல் உயரத்திலிருந்து விழுந்திருந்தாலும் எடுத்துப் பார்ப்பதே நல்லது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இந்த விதி பொருந்தாது, நேராக சிடிதான். குழந்தைகளுக்குத் தனி விதி. லேசான அடியென்றால் சில மணி நேரம் ஆஸ்பத்திரியில் வைத்துக் கவனிப்பதே பல நேரம் போதும்.

தேயிலைச் சரிவில் வழுக்கிக் கணுக்கால் வீங்கிவிட்டது. எக்ஸ்ரே எடுக்கணுமா?

கணுக்காலின் உள்பக்க, வெளிப்பக்க எலும்பு முனைகளைப் பின்விளிம்பு வழியாகக் கீழிருந்து மேலே 6 செ.மீ. வரை அழுத்திப் பாருங்கள். எலும்பின் மேலேயே வலித்தால் எடுக்க வேண்டும். விழுந்த உடனும் சரி, ஆஸ்பத்திரியில் நிற்கும்போதும் சரி, நொண்டிக்கொண்டாவது நான்கு அடி வைக்க முடியாவிட்டாலும் எடுக்க வேண்டும். பாதத்தின் வெளிவிளிம்பில் நடுவே துருத்தும் எலும்பு வலித்தாலும், உள்பக்க வளைவின் மேட்டு எலும்பு வலித்தாலும் அப்படியே. இவை எதுவும் இல்லையென்றால் முறிவு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. கட்டுப்போட்டு, காலை உயர்த்தி வைத்து, ஓரிரு வாரம் பாருங்கள். 1992-ல் ஒட்டாவாவில் வகுத்த இந்தச் சோதனை கணுக்கால் எக்ஸ்ரேக்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தது. சர்க்கரையால் கால் மரத்தவர்களுக்கு இதை நம்பக்கூடாது; அவர்களுக்கு முறிந்தாலும் வலிக்காது.

கூடை சுமந்து சுமந்து முதுகுவலி. எம்ஆர்ஐ எடுத்தால் தெரிந்துவிடுமா?

ஏதாவது ஒன்று தெரியும், சந்தேகமே இல்லை. தொல்லையே அங்கேதான்.

முதுகுவலியே இல்லாத சுமார் 3,100 பேரின் படங்களைத் தொகுத்து 2015-ல் ஒரு ஆய்வு வந்தது. 20 வயதுக்காரர்களில் 37 சதவீதத்துக்கு வட்டுத் தேய்மானம் (முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை தேய்வது) இருந்தது, 80 வயதில் 96 சதவீதம். வட்டு பிதுங்கியிருப்பது 20 வயதில் 30 சதவீதம், 80 வயதில் 84 சதவீதம். அதாவது "எல்4-எல்5 வட்டுப் பிதுக்கம்" (இடுப்பின் 4, 5-வது முள்ளெலும்புகளுக்கு நடுவே) என்று ரிப்போர்ட்டில் இருப்பது பலருக்குத் தலையில் நரை இருப்பது போலத்தான், வலிக்குக் காரணம் அதுவாக இல்லாமல் போகலாம். ஆனால் அந்த ஒரு வரியைப் படித்தவுடன் வேலையை விடுவது, பெல்ட் கட்டுவது, ஆபரேஷனுக்குத் தேதி கேட்பது என்று ஒரு குடும்பத்தின் செலவு தொடங்கிவிடுகிறது.

சாதாரண முதுகுவலி பெரும்பாலும் 6 வாரத்துக்குள் தணியும். முழு ஓய்வு வேண்டாம், முடிந்தவரை நடமாடுங்கள், சுமையைக் குறையுங்கள். நெற்றிப் பட்டையில் கூடையைத் தொங்கவிட்டு நாள் முழுக்கச் சரிவில் குனிந்து நிற்பவருக்கு, எடை போடும் இடைவெளியைச் சுருக்கிக் கூடையை அடிக்கடி காலி செய்வது எந்தப் படத்தையும்விட உதவும்.

உடனே எம்ஆர்ஐ வேண்டிய நிலைகள் வேறு: சிறுநீர் அடைபடுவது அல்லது கட்டுப்பாடின்றிப் போவது, உட்காரும் இடம் மரத்துப்போவது, கால் பலம் நாளுக்கு நாள் குறைவது. இவை அன்றைக்கே கீழே இறங்க வேண்டியவை. காய்ச்சலோடு முதுகுவலி, காரணமில்லாத எடைக் குறைவு, முன்பு புற்றுநோய் இருந்தவர், காசநோய்ச் சந்தேகம் என்றாலும் தள்ளிப்போடாமல் எடுக்க வேண்டும். வயதான அம்மா வழுக்கி உட்கார்ந்தபடி விழுந்து நடுமுதுகு வலித்தால், முதலில் சாதாரண எக்ஸ்ரே. முள்ளெலும்பு நசுங்கியிருந்தால் அதிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

இருமல் இல்லாதவருக்கும் காசநோய் முகாமில் நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கிறார்களே, ஏன்?

2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் காசநோய்க் கணக்கெடுப்பில், கண்டுபிடிக்கப்பட்டவர்களில் 42.6 சதவீதம் பேர் எக்ஸ்ரே இல்லாமல் அறிகுறியை மட்டும் கேட்டிருந்தால் தவறவிடப்பட்டிருப்பார்கள். ஆனால் எக்ஸ்ரே சந்தேகத்தைத்தான் கிளப்பும். காசநோய் என்று உறுதி செய்வது சளிப் பரிசோதனை. எக்ஸ்ரேயில் நிழல் தெரிகிறது என்று மட்டும் சொல்லி ஆறு மாத மருந்தைத் தொடங்கினால், சளி எடுத்தீர்களா என்று கேளுங்கள்.

எக்ஸ்ரேயை "சரியாக வரவில்லை" என்று மறுபடி எடுக்கிறார்கள். எதனால்?

பெரும்பாலும் மூச்சால். முழுதாக இழுத்துப் பிடிக்காவிட்டால் நுரையீரல் சுருங்கி, அடிப்பாகம் வெளுத்து, நிமோனியா போலவும் இதயம் பெருத்ததைப் போலவும் தெரியும். நல்ல படத்தில் பின்பக்க விலா எலும்புகள் 9 அல்லது 10 எண்ண முடிய வேண்டும். படுத்த நிலையில் எடுத்தாலும் இதயம் பெரிதாகவே காட்டும். அதைப் பார்த்து பயப்பட வேண்டாம், நின்று எடுத்த படத்தோடு ஒப்பிடச் சொல்லுங்கள்.

இன்னொன்று ஜடை. பின்னல் தோள்மேல் விழுந்திருந்தால் நுரையீரலின் உச்சியில், காசநோய் பிடிக்கும் அதே இடத்தில், நிழலாக விழும். கூந்தலைத் தூக்கிக் கொண்டை போட்டுக்கொள்ளுங்கள். தாயத்து, சங்கிலி, உள்ளாடைக் கொக்கி எல்லாவற்றையும் கழற்றுங்கள். குளிருக்குப் போட்ட ஸ்வெட்டரின் ஜிப்பும் பட்டனும்கூடப் படத்தில் வரும்.

சிக்கிள் செல் இருக்கும் குழந்தைக்கு என்ன ஸ்கேன்?

நீலகிரிப் பழங்குடியினரிடம், சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளையும் இந்தப் பரம்பரை ரத்த நோய் இருப்பது 1952-லேயே பதிவானது. இந்தியாவில் அதைப் பற்றிய ஆரம்ப அறிக்கைகளில் அதுவும் ஒன்று. பணியர், குறும்பர், இருளர் குடும்பங்களில் இது புதிய செய்தியல்ல. நோயைக் கண்டுபிடிப்பது ரத்தப் பரிசோதனைதான். ஸ்கேனுக்கு வேலை அதன் பிறகு.

முதலில் மூளை. தலையைத் திறக்காமல், ஊசி போடாமல், பொட்டு வைக்கும் இடத்துக்குப் பக்கவாட்டில், கன்னப்பொறி எலும்பு வழியாக ஒரு டாப்ளர் கருவியை வைத்து மூளைக்குப் போகும் ரத்தத்தின் வேகத்தை அளக்கிறார்கள். இரு பெற்றோரிடமிருந்தும் சிக்கிள் மரபணு வந்த குழந்தைகளுக்கு 2 வயது முதல் 16 வரை ஆண்டுக்கு ஒரு முறை செய்வது வழக்கம். சராசரி வேகம் நொடிக்கு 170 செ.மீ.க்குக் கீழே என்றால் இயல்பு. 170 முதல் 199 வரை மறுபடி சீக்கிரம் பார்க்க வேண்டியது. 200-ம் அதற்கு மேலும் என்றால் பக்கவாதம் வரும் அபாயம் அதிகம். 1998-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், 200-ஐத் தாண்டிய குழந்தைகளுக்கு ஒழுங்காக ரத்தம் ஏற்றியதில் முதல் பக்கவாதம் 92 சதவீதம் குறைந்தது. ஒரு படம் வைத்தியத்தை மாற்றி ஒரு குழந்தையின் கை காலைக் காப்பாற்றுவதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. குழந்தை விழித்திருக்க வேண்டும். தூக்கத்திலும் காய்ச்சலிலும் வேகம் மாறிவிடும். காய்ச்சல் இருந்தால் தேதியைத் தள்ளி வையுங்கள்.

அடுத்து இடுப்பு. வளர்ந்த பையன் தொடை இடுக்கில் வலி என்று நொண்டினால், தொடை எலும்பின் தலைக்கு ரத்தம் போகாமல் எலும்பு சாகத் தொடங்கியிருக்கலாம். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் கோளாறு ஒன்றும் தெரியாது. எம்ஆர்ஐயில்தான் முதலில் தெரியும். எக்ஸ்ரேயில் தெரியும் வேளையில் எலும்புத் தலை சரிந்திருக்கக்கூடும். கீழே இறங்க நியாயமான காரணம் இது.

காய்ச்சலோடு நெஞ்சு வலி, மூச்சு வாங்குதல் என்றால் அன்றைக்கே நெஞ்சு எக்ஸ்ரே. புதிதாக நிழல் தெரிந்தால் அது சாதாரணச் சளி அல்ல, அட்மிட் ஆக வேண்டிய அவசரம்.

கர்ப்பத்தில் எத்தனை ஸ்கேன், எப்போது?

தேதியைத் தவறவிடக்கூடாதவை மூன்று. முதல் மூன்று மாதத்தில் ஒன்று: குழந்தை கருப்பைக்குள்தான் இருக்கிறதா, எத்தனை வாரம் என்று அறிய. பிரசவத் தேதியைக் கணிக்க இதுதான் துல்லியம், பிந்திப் போகப் போகப் பிழை கூடும். இரண்டாவது 11 வாரத்திலிருந்து 13 வாரம் 6 நாளுக்குள், குழந்தையின் பிடரியில் உள்ள நீரின் அளவைப் பார்த்து மரபணுக் கோளாறு சந்தேகம் உண்டா என்று அறிய. மூன்றாவது 18 முதல் 20 வாரத்தில், உறுப்புக் குறைபாடு பார்க்க.

மூன்றாவதைத் தள்ளிப்போடக்கூடாது என்பதற்குச் சட்டமும் ஒரு காரணம். கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தத்தின்படி குறிப்பிட்ட பிரிவுப் பெண்களுக்குக் கருக்கலைப்புக்கான எல்லை 24 வாரம். அதைத் தாண்டினால் கடுமையான குறைபாட்டுக்கு மருத்துவ வாரியத்தின் அனுமதி வேண்டும். 23-வது வாரத்தில் எஸ்டேட்டிலிருந்து இறங்கி வருபவருக்கு யோசிக்கக்கூட நாள் இருக்காது. இதயக் குறைபாடு தெரிந்தால் பிரசவத்தை மேலே வைத்துக்கொள்ளாமல் கீழே பெரிய ஆஸ்பத்திரியில் திட்டமிடலாம் என்பது இன்னொரு பயன்.

ஸ்கேன் சென்டரில் பிக்மி எண் (அரசு தரும் கர்ப்பப் பதிவு எண்), அடையாள அட்டை, டாக்டர் சீட்டு கேட்பார்கள், கையெழுத்தும் வாங்குவார்கள். ஆணா பெண்ணா என்று கேட்பதும் சொல்வதும் 1994 சட்டப்படி குற்றம்.

வயிற்றுவலிக்கு நேராக சிடி எடுத்தால் ஒரே வேலையாக முடியாதா?

சிறுநீரகக் கல் சந்தேகத்தில் அமெரிக்காவின் 15 அவசர சிகிச்சைப் பிரிவுகளில் ஒப்பிட்டுப் பார்த்து 2014-ல் வெளியிட்டார்கள். அல்ட்ராசவுண்டில் தொடங்கியவர்களும் சிடியில் தொடங்கியவர்களும் ஆபத்தான நோய் தவறிப்போவதில் வித்தியாசப்படவில்லை. கதிர்வீச்சு மட்டும் முதல் கூட்டத்துக்குக் குறைவு. குடல்வால் அழற்சிக்கும் குழந்தைகள், கர்ப்பிணிகளிடம் அல்ட்ராசவுண்டே முதலில். அதில் குடல்வால் தெரியவில்லை என்றால் "இல்லை" என்று பொருளல்ல. வலி கூடினால் மறுபடி பார்க்க வேண்டும்.

நெஞ்சுவலிக்கு சிடி ஆஞ்சியோ பிரயோஜனமா?

நடந்தால் வந்து நின்றால் போகும் பழைய வலிக்குப் பிரயோஜனம். ஸ்காட்லாந்தில் 4,146 பேரைப் பின்தொடர்ந்து 2018-ல் சொன்ன முடிவு: சிடி ஆஞ்சியோ எடுத்தவர்களில் ஐந்தாண்டில் மாரடைப்போ இதய மரணமோ 2.3 சதவீதம், எடுக்காதவர்களில் 3.9 சதவீதம். படமா காப்பாற்றியது? அடைப்பைக் கண்ணால் பார்த்த பிறகு சரியான ஆட்களுக்குச் சரியான மாத்திரை போய்ச் சேர்ந்ததே காரணம் என்று கருதப்படுகிறது. இப்போது வியர்த்து, நெஞ்சு அழுத்துகிறது என்றால் ஸ்கேனைத் தேடாதீர்கள். ஈசிஜி, அதுவும் பத்து நிமிடத்துக்குள்.

கோவையில் "முழு உடல் ஸ்கேன் பேக்கேஜ்" தள்ளுபடியில் போடுகிறார்களே?

அறிகுறி ஒன்றும் இல்லாதவர் என்றால் போகாதீர்கள். தென்கொரியாவில் 1999-க்குப் பிறகு உடல் பரிசோதனையோடு கழுத்து அல்ட்ராசவுண்டையும் சேர்த்து விற்றார்கள். 2011-ல் தைராய்டு புற்றுநோய் என்று கண்டுபிடிக்கப்பட்டவர்கள் 1993-ஐப்போல 15 மடங்கு. தைராய்டு புற்றுநோயால் இறந்தவர்களின் எண்ணிக்கையோ மாறவே இல்லை. தீங்கு செய்யாமலே கிடந்திருக்கும் சின்னக் கட்டிகளுக்காக ஆயிரக்கணக்கானோர் சுரப்பியை எடுத்து, வாழ்நாள் முழுக்க மாத்திரை சாப்பிடும் நிலைக்கு வந்தார்கள். தள்ளுபடி முதல் படத்துக்குத்தான். அதில் "சிறு நிழல்" என்று வந்த பிறகு எடுக்கும் இரண்டாவது, மூன்றாவது படங்களுக்கு இல்லை.

கதிர்வீச்சு எவ்வளவு ஆபத்து?

உலகில் ஒருவர் இயற்கையாக ஆண்டுக்குச் சராசரியாக வாங்கிக்கொள்ளும் கதிர்வீச்சு 2.4 மில்லிசீவெர்ட் (அதை அளக்கும் அலகு). நெஞ்சு எக்ஸ்ரே அதிகபட்சம் 0.1, தலை சிடி சுமார் 2, வயிறு சிடி 8 முதல் 10 வரை. அல்ட்ராசவுண்டிலும் எம்ஆர்ஐயிலும் எக்ஸ்கதிர் கிடையாது. மலைமேல் இருப்பவர்களுக்கு விண்ணிலிருந்து வரும் கதிர் சமவெளியைவிடக் கூடுதலாகவே விழுகிறது. ஊட்டியில் காஸ்மிக் கதிர் ஆய்வுக்கூடம் வைத்திருப்பதும் சும்மா இல்லை. அதற்காக யாரும் ஊட்டியை விட்டுப் போவதில்லை. தேவையான சிடிக்கு பயப்பட வேண்டாம், தேவையற்றதற்கும் "ஒன்றுதானே" என்று சம்மதிக்கவும் வேண்டாம். கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால்கூட முதலிலேயே சொல்லிவிடுங்கள். எக்ஸ்ரே, சிடி நிலையத்தில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் இருக்க வேண்டும்.

டை ஊசி போடுவதற்கு முன் என்ன பார்க்க வேண்டும்?

சிடிக்குப் போடும் டை அயோடின் கலந்தது. சிறுநீரகம் கெட்டவர்களுக்கு அது சுமை. ஆகவே சிறுநீரகம் எப்படி என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையை ஊட்டியிலோ குன்னூரிலோ இரண்டு நாள் முன்பே செய்து ரிப்போர்ட்டைக் கையில் கொண்டுபோங்கள். இதைச் செய்யாமல் கீழே போய், ரத்தம் கொடுத்து, ரிசல்ட்டுக்குக் காத்திருந்து, கடைசி வண்டியைத் தவறவிடுபவர்கள் நிறைய. சிறுநீரகச் செயல்பாடு (ரிப்போர்ட்டில் eGFR என்று இருக்கும்) 30-க்குக் கீழே இருந்தால் சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரையை நிறுத்தி 48 மணி நேரம் கழித்துத் தொடர வேண்டும். டாக்டரிடம் கேட்டே செய்யுங்கள்.

மீன், இறால் ஒத்துக்கொள்ளாதவருக்கு டை ஆகாது என்பது கட்டுக்கதை. முன்பு டை ஊசிக்கே தடிப்போ மூச்சுத்திணறலோ வந்திருந்தால்தான் கட்டாயம் சொல்ல வேண்டும். தாய்ப்பால் கொடுப்பதை நிறுத்தத் தேவையில்லை. ஊசி போட்ட பிறகு அரைமணி நேரமாவது அங்கேயே உட்காருங்கள். ஒவ்வாமை வந்தால் ஆஸ்பத்திரியில் வரட்டும், பர்லியாறு வளைவில் வர வேண்டாம்.

எம்ஆர்ஐ அறைக்குள் போகும்போது?

1.5 டெஸ்லா காந்தம் பூமியின் காந்தத்தைப்போல முப்பதாயிரம் மடங்குக்கு மேல்; இரவிலும் அணைவதில்லை. பேஸ்மேக்கர், மூளையில் கிளிப், காதுக்குள் பொருத்திய கருவி, கண்ணில் எப்போதாவது இரும்புத் துகள் பட்டது எல்லாவற்றையும் சொல்லுங்கள். வெல்டிங், கிரைண்டிங் பட்டறையில் வேலை செய்தவர் கண்ணுக்கு முதலில் எக்ஸ்ரே எடுப்பார்கள்.

பெண்களிடம் தவறிப்போவது தாலிக்கொடியில் கோத்திருக்கும் ஊக்கு. தங்கம் காந்தத்தில் ஒட்டாது, ஊக்கு பாயும். மெட்டி, ஹேர்பின், புடவை மடிப்பில் குத்திய ஊக்கு என்று தலை முதல் கால் வரை ஒருமுறை தடவிப் பாருங்கள். குளிர்க்காலத்தில் போடும் தெர்மல் உள்ளாடை சிலவற்றில் உலோக இழை இருக்கும். அது சூடேறித் தோலைச் சுடும். ஆஸ்பத்திரி கவுனுக்கு மாறிவிடுங்கள். உள்ளே கைகளைக் கோத்துக்கொள்ளாதீர்கள், அதனாலும் தோல் சுடும். நோயாளியோடு வந்த ஆக்சிஜன் சிலிண்டரை யாரும் உள்ளே தள்ளிக்கொண்டு போகக்கூடாது.

வெறும் வயிற்றில் வரச் சொல்கிறார்கள். மலைப்பாதையில் எப்படி?

வயிற்று அல்ட்ராசவுண்டுக்கு 6 மணி நேரம் பட்டினி வேண்டும். வெறும் வயிற்றோடு கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கினால் குமட்டலும் மயக்கமும் வரும்; முடிந்தால் முதல் நாளே இறங்கித் தங்கி, காலை முதல் நேரத்தை வாங்குங்கள். சர்க்கரைக்காரர் இன்சுலின் போட்டுக்கொண்டு பட்டினியாகக் கிளம்பவே கூடாது, அன்றைய அளவை டாக்டரிடம் கேட்டு மாற்றுங்கள். சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும் என்றால் குன்னூரிலேயே தண்ணீர் குடிக்கத் தொடங்காதீர்கள். சென்டருக்குப் போய்ச் சேர்ந்து, டோக்கன் வாங்கிய பிறகு நான்கைந்து டம்ளர் குடித்தால் ஒரு மணி நேரத்தில் நிறைந்துவிடும்.

செலவைக் குறைக்க அரசு வழி என்ன?

அரசு மருத்துவமனைகளில் எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட் இலவசம். சிடி, எம்ஆர்ஐக்குத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் கட்டணம் தனியாரைவிட வெகு குறைவு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை உண்டு. வருமான வரம்பு 1,20,000 ரூபாய். சில ஸ்கேன்களும் அதில் அடக்கம், ஆனால் முன் அனுமதி வாங்கிய பிறகே எடுக்க வேண்டும். வெளியில் எடுத்துவிட்டு பில்லை நீட்டினால் பணம் திரும்பாது. ஆஸ்பத்திரியின் காப்பீட்டு கவுன்டரில் முதலில் விசாரியுங்கள்.

ரிப்போர்ட்டில் "மருத்துவ நிலையோடு ஒப்பிடவும்" என்று போட்டிருக்கிறது. என்ன அர்த்தம்?

படத்தில் தெரிவது மட்டும் முடிவல்ல, நோயாளியைத் தொட்டுப் பார்த்தவர் சேர்த்துப் பார்க்கட்டும் என்று அர்த்தம். கடைசியில் இருக்கும் முடிவுப் பகுதியை மட்டும் படித்துவிட்டு இணையத்தில் தேடாதீர்கள். அளவு போட்டிருக்கும் கட்டி என்றால், பழைய படத்தில் அதே அளவுதானா என்பதே முதல் கேள்வி.

பழைய ஃபிலிம், படம் பதிந்த கம்ப்யூட்டர் தட்டு (டிஸ்க்) எல்லாம் எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும்?

கட்டி, பக்கவாதம், காசநோய், எலும்பு ஆபரேஷன் என்றால் விடாமல் வைத்திருங்கள். இரண்டாவது டாக்டர் மறுபடி எடுக்கச் சொல்வதற்கு முக்கியக் காரணம் பழையது கையில் இல்லாததே. தென்மேற்குப் பருவத்தில் ஃபிலிம்கள் ஈரம் பட்டு ஒன்றோடொன்று ஒட்டி, பிரித்தால் படலம் உரிந்து வரும். ஒவ்வொன்றுக்கும் நடுவே காகிதம் வைத்து, தரையில் இல்லாமல் பீரோவின் மேல்தட்டில் நிமிர்த்தி வையுங்கள். ஃபிலிமை ஜன்னலில் பிடித்து போனில் எடுத்த போட்டோ அவசரத்தில் ஒரு யோசனை கேட்க உதவும், ஆபரேஷன் முடிவுக்கு உதவாது. தட்டில் இருப்பதைப் பென் டிரைவுக்கு மாற்றும்போது படம் காட்டும் புரோகிராமை மட்டும் எடுக்காமல் எல்லா ஃபோல்டரையும் அப்படியே முழுதாகக் காப்பி செய்யுங்கள். சென்டரை விட்டுக் கிளம்பும் முன் அங்கேயே ஒரு கம்ப்யூட்டரில் திறந்து, பெயரும் தேதியும் உங்களுடையதுதானா என்று பார்த்துவிடுங்கள்.